வயிறு ஏன் கலக்குது? செரோட்டோனின் பற்றித் தெரிந்துகொள்வோம்

(பெரிய காஞ்சிபுரத்தில் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். சிரிக்காதீங்க. கல்யாணத்துக்குப் போகணும்னா காலையிலிருந்து பட்டினி. சென்னைக்கு பஸ் ஏறணும்னா முதல் நாள் ராத்திரியே பயம். கோர்வை போட உட்கார்ந்தா பாதியில எழுந்திருக்க முடியாதேன்னு டீ கூடக் குடிக்கிறதில்லை. இப்படி இருக்கிறவங்க நம்மில் உண்டு. வெளியே சொல்றதில்லை, அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் வயிறு வலிக்கும். வெளிக்குப் போனா பல பேருக்கு வலி குறையும். சில பேருக்குப் பேதி, சில பேருக்கு மலச்சிக்கல், சில பேருக்கு இரண்டும் மாறி மாறி வரும். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதற்கு டாக்டர்கள் சொல்கிற பெயர் ஐ.பி.எஸ். போலீஸ் அதிகாரி இல்லைம்மா! தமிழில் குடல் எரிச்சல் நோய் என்கிறார்கள். எரிச்சல் என்றதும் நெஞ்செரிச்சல், அல்சர் என்று நினைக்கக் கூடாது, அது வேறு.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் வீட்டில் என்ன சொல்றாங்க? "வேலைக்கு டிமிக்கி குடுக்கிறா. எல்லாம் மனப்பிரமை." இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் செரோட்டோனின் என்ற பெயரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1930களில் எர்ஸ்பாமர் என்ற இத்தாலி ஆராய்ச்சியாளர் குடலின் உட்தோலில் ஒரு ரசாயனப் பொருளைக் கண்டார். 1948ல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து செரோட்டோனின் என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1952ல் தெரிந்தது. மனசுக்கும் தூக்கத்துக்கும் உரிய பொருள் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் நம் உடம்பில் இருக்கிற செரோட்டோனினில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இருப்பது குடலில்தான்.

அங்கே அதுக்கு என்ன வேலை? சாப்பாடு குடலுக்குள் வந்ததும் குடல் சுவர் விரியும். உடனே உட்தோலில் இருக்கிற சில செல்கள் செரோட்டோனினை விடும். அது பக்கத்து நரம்பைத் தொடும். தறியில் மிதியை அழுத்தினால் பாவு பிரிகிற மாதிரி, நரம்பு தூண்டப்பட்டதும் குடல் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, சாப்பாட்டைத் தள்ளும். வேலை முடிந்ததும் குடல் சுவரே செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

பேதி வகை உள்ளவர்களில் சிலருக்கு இது அதிகமாகச் சுரக்கிறது, அல்லது திரும்ப உறிஞ்சுவது குறைகிறது. மிதியில் வைத்த காலை எடுக்காத கதைதான்! குடல் ஓடிக்கொண்டே இருக்கும், வலியும் கூடும். மலச்சிக்கல் வகையில் சிலருக்குச் சுரப்பதே குறைவு. கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு சிலருக்கு இந்தச் செல்கள் கூடிவிடுவதும் உண்டு. செரோட்டோனின் ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. குடல் கிருமிகள், சாப்பாடு எல்லாமும் சேரும். கவலையும் சேரும்தான். கடன் தவணை நெருங்கினா வயித்தைக் கலக்குதுன்னு சொல்றோமே, மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வருவது அது. அதற்காக நோய் பொய்யாகிவிடாது.

வாந்திக்குக் கொடுக்கிற ஓண்டான்செட்ரான் மாத்திரை சாப்பிட்டு மலம் கட்டியிருக்கிறதா? செரோட்டோனின் வேலையைத் தடுக்கிற மருந்து அது. இதே வழியில் வந்த மருந்துகள் எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. டெகாசெரோட் என்ற மலச்சிக்கல் மருந்தை, இதயத்துக்கு ஆபத்து என்ற கவலையால் 2011ல் இந்திய அரசு தடை செய்தது. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்ட மாத்திரையைக் காட்டி மெடிக்கலில் வாங்காதீங்க. டாக்டரே சில சமயம் அமிட்ரிப்டிலின் மாத்திரை குறைந்த அளவில் எழுதுவார். "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று யாராவது சொன்னால் தூக்கிப் போட வேண்டாம். குடல் நரம்பின் வலியைக் குறைக்கவும் அதைக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு செய்தி நம்மை ரொம்ப யோசிக்க வைத்தது. இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் ஆய்வு 2008ல் வெளிவந்தது. பொதுமக்களிடம் விசாரித்தபோது நூற்றில் சுமார் 4 பேருக்கு இந்த நோய். ஆண், பெண் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள்! நோய் சமமாக இருக்கும்போது நம்ம பெண்கள் எங்கே போனார்கள்? பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே, தறியிலேயே இருந்திருப்பார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

குழு நோட்டு எழுதுகிற கைக்கு இன்னொரு நோட்டு பாரமில்லை. என்ன சாப்பிட்டோம், எப்போது வலித்தது, எத்தனை முறை போனோம் என்று இரண்டு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்க. பால் சேராமல் பேதி ஆகிறவர்களும் உண்டு. நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுத வராதவங்களுக்கு மகளோ பேத்தியோ எழுதட்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தொந்தரவு, இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நாமே முடிவு கட்டக் கூடாது. நோட்டெல்லாம் பிறகு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவிலிருந்து ஒருத்தர் கூட வருவோம்.

சந்தேகம் இருக்கிறவங்க இப்போ கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சப்படுறவங்க, கூட்டம் முடிந்ததும் இருந்து பேசிட்டுப் போங்க.