திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு பள்ளி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பரீட்சை முடிவு வரும் நாட்களில் நம் லிஃப்டுக்குள் நடக்கும் பேச்சு உங்களுக்கே தெரியுமுங்க. "எத்தனை மார்க் கண்ணு?" என்று பாசமாகத்தான் கேட்கிறோம். அப்போது தலை குனிந்துகொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பேசத்தான் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும். நாள் கணக்கு டேலி ஆகாமல், வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுவோம். 54 என்பது 45 ஆகியிருக்கும். அது அசதியில் வருவது. மறுபடி பார்த்தால் சரியாகிவிடும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் அப்படிப்பட்டதல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம் அது. அறிவுக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. பத்துத் தடவை எழுத வைத்தாலும், இன்னொரு டியூஷனில் சேர்த்தாலும் தீராது. சொல்லிக்கொடுக்கும் முறைதான் மாற வேண்டும்.

அப்படி மாற்றிச் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நடத்தும் 'அனன்யா' கற்றல் மையம். வழக்கமான பள்ளியில் தடுமாறும் பிள்ளைகள் இங்கே முழுநேரமாகப் படிக்கிறார்கள். சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் வரைந்து கற்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930களில் வகுத்த வழி இது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பிள்ளையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது அவர்கள் நோக்கமல்ல. சுமார் இரண்டு ஆண்டுகளில் வழக்கமான பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. எல்லாப் பிள்ளைகளும் சென்னைக்குப் போக முடியாதல்லவா? அதனால் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். கோவைப் பிள்ளைக்குக் கோவையின் வகுப்பறையிலேயே இந்த உதவி கிடைக்க வேண்டும். பெற்றோர் கேட்டால்தான் பள்ளிகள் அசையும்.

கேட்பதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. 1995 சட்டத்தில் இந்தச் சிரமத்துக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் இதுவும் ஒன்று. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் போன்ற சலுகைகளைப் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை.

ஏழெட்டு வயதுப் பிள்ளை வாய் நிறையக் கதை சொல்கிறது, ஆனால் ஒரு பத்தி வாசிக்கத் திணறுகிறது என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு சிறப்பாசிரியரையோ உளவியலாளரையோ பாருங்கள். "வளர வளரச் சரியாயிடும்" என்று நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகள் சொல்லித் தள்ளிப்போட வேண்டாமுங்க. சீக்கிரம் ஆரம்பித்தால் பிள்ளைக்குப் பாரம் குறைவு.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை மாலைகளில் சங்க அறையில் ஒரு மணி நேரம் கதை வாசித்துக் காட்ட நான் தயார். பிள்ளைகள் வந்து கேட்டால் போதும். யாரையும் வாசிக்கச் சொல்ல மாட்டேன்.