புகையை விட்ட சகோதரனைக் கைவிட்டு விடாதீர்கள்!

(ராயபுரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புகைபிடிப்பது கெடுதல் என்று சொல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை. அது தெரியாதவர் நம்மில் யார்? சிகரெட் பெட்டியின் இருபுறமும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் அமலில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் பெட்டியைத் திறக்கிறோம்.

விட வேண்டும் என்ற ஆசையும் இல்லாமல் இல்லை. 2016-17 இல் இந்தியா முழுவதும் அரசு நடத்திய புகையிலைக் கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55 சதவீதத்தினர் விட்டுவிடும் எண்ணத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேல்! ஆனால் எந்தத் துணையும் இல்லாமல் விட முயல்பவர்களில் 100க்கு 4 பேர்தான் வெற்றி பெறுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற 96 பேரும் ஈமான் குறைந்தவர்களா? மன உறுதி இல்லாத கோழைகளா? இல்லை சகோதரர்களே! அவர்கள் தனியாக நின்று போராடியவர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

வாளுக்கும் அஞ்சாத பழக்கம்

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி நம் நாடுகளுக்கு வந்தது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புதான். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617 இல் அதற்குத் தடை போட்டார். உதுமானியப் பேரரசர் நான்காம் முராத் 1633 இல் தடை போட்டு, மீறியவர்களுக்கு மரண தண்டனையே விதித்தார். என்ன ஆயிற்று? புகையிலை ஒழியவில்லை. தலை போகும் என்று தெரிந்தும் ஒளிந்து ஒளிந்து பிடித்தார்கள்.

வாளாலேயே முடியாததை நம்முடைய ஏச்சும் பேச்சும் முடித்துவிடுமா? 'அது ஹராம்' என்று ஒருவர் சொல்ல, 'மக்ரூஹ்தானே' என்று இன்னொருவர் சொல்ல, அந்த விவாதம் முடிவதற்குள் மூன்றாமவர் அடுத்த சிகரெட்டைப் பற்ற வைத்துவிடுகிறார். தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்பது மார்க்கம். பச்சைப் பூண்டு தின்ற வாடையோடு பள்ளிக்கு வந்து பக்கத்தில் நிற்பவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். இதற்கு மேல் விவாதம் தேவையில்லை. விடுவதற்கு வழி என்ன என்பதே கேள்வி.

சென்னையின் மரணப் பதிவேடு சொன்னது

நம் ஊரைப் பற்றிய ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன். சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் 1990களில் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளில் விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2003 இல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது.

புகைபிடிப்பவர் என்றால் புற்றுநோயில்தான் சாவார் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அந்த ஆய்வு காட்டியது காசநோயை! புகைபிடிக்காதவரைவிடப் புகைபிடிப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகையே காரணம் என்று கணக்கிட்டார்கள்.

காரணம் எளிது. காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடலில் தூங்கிக் கொண்டிருக்கிறது. நுரையீரலின் காவல்படை அதை எழ விடாமல் பார்த்துக்கொள்கிறது. புகை அந்தக் காவல்படையை முடக்கிவிடுகிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் ஒருவர் இருமினால் அது ஒருவரோடு நிற்குமா? பீடி லேசானது என்று நினைப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் கணக்கில் வந்தவர்களில் பீடி பிடித்தவர்களும் இருந்தார்கள்.

'இந்தக் காற்றைவிடவா சிகரெட் மோசம்?'

எண்ணூர், மணலிப் பக்கத்துச் சகோதரர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். 'நாங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சுவாசிப்பது விஷம்தானே?' என்கிறார்கள். அந்த வேதனை நியாயமானது. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடியதை யார் மறக்க முடியும்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். நிலக்கரித் தூசியையும் ஆலைப் புகையையும் ஏற்கெனவே சுமக்கும் நுரையீரலுக்கு இன்னொரு சுமையைத் தாங்கும் தெம்பு குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர் புகையும் பிடித்தால், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது என்பது மருத்துவம் நிரூபித்த உண்மை. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியிலிருந்து ராயபுரம் தப்பிக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2011 இல்தான் அங்கே நிலக்கரி கையாளுவது நிறுத்தப்பட்டது. ஆலைப் புகைக்காக நாம் சேர்ந்து போராடத்தான் வேண்டும். கையில் இருக்கும் புகையை நிறுத்த எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் தேவையில்லை.

நோன்பு கற்றுத் தரும் பாடம்

ரமளானில் சஹர் முடிந்ததிலிருந்து இஃப்தார் வரை சுமார் 13, 14 மணி நேரம் நாம் புகையைத் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பிடிப்பவரும் தொடுவதில்லை. எப்படி முடிகிறது? நிய்யத் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அந்த நேரத்தில் நம் கூட்டாளிகளில் எவரும் நமக்கு ஒன்றை நீட்டுவதில்லை. எல்லோரும் சேர்ந்து விட்டிருக்கிறோம்!

மக்ரிப் ஆனதும் என்ன நடக்கிறது? பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகவில்லை. தெருமுனையில் நாலு பேர், நாலு நெருப்பு. பகலெல்லாம் ஜெயித்தவர் அங்கே தோற்கிறார். சிகரெட்டின் பலம் சிகரெட்டில் பாதி, அந்த நாலு பேரில் பாதி என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

முதல் மூன்று நாள், முதல் மாதம், முதல் வருடம்

நிகோடின் இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. மூளை அதற்குப் பழகிவிடுகிறது. நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் வரும். இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் உச்சம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை வரும் தவிப்பும் சில நிமிடங்கள்தான். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒளூ செய்யுங்கள். அது கடந்து போய்விடும்.

இரண்டு விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். விட்ட முதல் வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். 'பிடிக்கும்போது நன்றாகத்தானே இருந்தேன்' என்று மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். அது நுரையீரல் தன் குப்பையைக் கூட்டித் தள்ளும் இருமல். வாரக்கணக்கில் நீடித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடுத்தது, 'காலையில் ஒன்று இழுக்காவிட்டால் வயிறு போகாது' என்பார்கள். குடலை நிகோடின் தூண்டுவது உண்மைதான். வெந்நீர், வாழைப்பழம், பஜ்ருக்குப் பிறகு அரை மணி நடை. சில வாரங்களில் குடல் தானே பழகிக்கொள்ளும்.

மருந்தும் உண்டு. நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. மிட்டாய் மாதிரி மென்று தள்ளக் கூடாது. சுறுசுறுவென்று வரும்வரை மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து எதுவும் குடிக்கக் கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மத்திய அரசின் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்கிறார்கள். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. ஆனால் சிகரெட்டை விட்டுவிட்டு மாவாவையும் பொட்டலப் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்வது விடுதலை அல்ல. நுரையீரலிலிருந்து வாய்க்கு நோயை இடம் மாற்றுவதுதான் அது.

உடம்பு ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறது. மனம் மறப்பதில்லை. கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு சகோதரர் ஆறு மாதம் விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வரிசையில் நள்ளிரவு வரை நிற்கிறது. தூக்கம் கண்ணைக் கட்டுகிறது. கிளீனர் ஒன்றை நீட்டுகிறார். அல்லது ஒரு நிக்காஹ் வீடு. பிரியாணி சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு வெளியே வந்தால் பழைய நண்பர்கள். 'ஒண்ணே ஒண்ணுதான் மாப்ளே' என்கிறார்கள். ஆறு மாதத்துப் போராட்டம் அந்த ஒன்றில் போகிறது. மறுநாள் கிண்டல் வேறு. 'நீயாவது விடுறதாவது!'

அந்தக் கிண்டல் பெரிய பாவம், சகோதரர்களே! இளைஞர்களே, ஒருவர் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அவர் முன்னால் பற்ற வைக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட நீட்டாதீர்கள். விடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை வேண்டும். தவிப்பு வந்தால் இரவு 12 மணிக்கும் போன் செய்யக்கூடிய துணை. முதல் வாரம் தினமும், முதல் மாதம் ஜும்ஆவுக்கு ஜும்ஆ, பிறகு ஒரு வருடம் மாதா மாதம், 'எப்படி இருக்கீங்க பாய்?' என்று கேளுங்கள். சறுக்கியவரிடம், 'ஒன்றோடு நிறுத்துங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். பலரும் பல முறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள்.

வணிகப் பெருமக்களுக்கு

நம்மில் டீக்கடையும் மளிகைக் கடையும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 'சிகரெட்டுக்காக வருபவர்தான் டீயும் குடிக்கிறார். நிறுத்தினால் என் கல்லா என்ன ஆவது?' என்று கேட்கிறீர்கள். கல்லாவைப் பற்றிய கவலை எனக்கும் புரிகிறது. நாளையே நிறுத்துங்கள் என்று உங்கள் பிழைப்பில் கை வைக்க நான் வரவில்லை.

ஆனால் இவற்றை இன்றே செய்யலாம். கடை வாசலில் தொங்கும் நெருப்புக் கயிற்றையும் லைட்டரையும் எடுத்துவிடுங்கள். பெட்டிகளைக் கண் படும் இடத்திலிருந்து கீழே இறக்குங்கள். 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதும் 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தா வாங்கி வரச் சொன்னார் என்று வரும் பையனிடமும் கொடுக்காதீர்கள். பொது இடத்தில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. உங்கள் டீக்கடைக்குள்ளும் அது பொருந்தும். 'நான் விட்டுவிட்டேன்' என்று சொல்லும் வாடிக்கையாளர் கடனுக்குக் கேட்டாலும், காசுக்குக் கேட்டாலும், 'உங்களுக்கு இல்லை பாய்' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வீட்டுப் பெண்கள் உங்களுக்கு துஆ செய்வார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும்போது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, 'புகையிலைப் பொருள் விற்கக் கூடாது' என்று ஒரு வரி சேருங்கள். வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாவது சேருங்கள். அந்தப் பணத்தில்தான் பள்ளியின் விளக்கு எரிகிறது.

கணக்கு பார்ப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். ஒரு சிகரெட் 15 ரூபாய், நாளுக்குப் பத்து என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 150. ஒரு வருடத்துக்கு 54,750 ரூபாய். இருபது வருடத்தில் பதினோரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு பெரிய செலவை ரசீதும் இல்லாமல், லாபமும் இல்லாமல் எந்த வியாபாரி செய்வார்?

இனியும் தாமதமா?

'இத்தனை வருடம் பிடித்தாகிவிட்டது, இனி விட்டு என்ன?' என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 1951 முதல் 50 ஆண்டுகள் டாக்டர்களையே தொடர்ந்து கவனித்தார்கள். வாழ்நாள் முழுவதும் புகைபிடித்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. 40 இல் விட்டவர்களுக்கு 9, 50 இல் விட்டவர்களுக்கு 6, 60 இல் விட்டவர்களுக்குக்கூட 3 ஆண்டுகள். மூன்று ஆண்டு என்பது ஒரு பேத்தியின் நிக்காஹைப் பார்க்கும் காலம், சகோதரர்களே!

இந்தக் கூட்டம் கலையும்போது வெளியே டீக்கடையில் நிற்பீர்கள். பக்கத்தில் நிற்பவர் 'நான் விடப் போகிறேன்' என்று சொன்னால், அவர் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அவரிடம் விசாரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

விட நினைப்பவர்களுக்கு உறுதியையும், அவர்களோடு நிற்கும் பொறுமையை நம் அனைவருக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.