ஊர்ச்சோறு ஊரார் கையில்



நம் உணவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வெள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை! ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதை வானம் ஒரே நாளில் கொட்டிவிட்டது. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய எண்ணூறு பேர். கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள், வயசாளிகள் இருந்தார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறு வந்தது! எங்கிருந்து வந்தது? பக்கத்துப் புதுக்குடியிலிருந்து வந்தது! தங்கள் தெருவிலேயே தண்ணீர் நிற்கும்போது, வீட்டிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து கோயிலில் அடுப்பு மூட்டி ஆக்கிப்போட்டார்கள். எந்தச் சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தது அன்றைக்கு? எந்த ஆப் வந்தது? தட்டுங்கள், அந்த மகராசிகளுக்கு நன்றாகத் தட்டுங்கள்!

அதே வெள்ளத்தில் கடலுக்குப் போகிற நம் மீனவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். கூப்பிட்டா வந்தார்கள்? கூப்பிடாமலே வந்தார்கள்!

அந்த மீனவர் வீட்டுப் பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம்? 2021 டிசம்பரில், குளச்சலில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு வயசான அம்மாவை, நாறுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அந்த அம்மா நியாயம் கேட்டதை நாடே பார்த்தது. நமக்குச் சோறு போடுகிற கை நாறுகிறதா? எனக்கு இன்னும் ஆறவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தருவைகுளத்துக்காரர்கள் யாராவது வந்திருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள்! விசைப்படகு வைத்திருந்தும் கடலடியை வாரியெடுக்கிற இழுவைமடியை நம்பாமல், பருவலை போட்டுத் தொழில் செய்கிற ஊர் அது. குஞ்சை விட்டு வளர்ந்ததைப் பிடிக்கிறவனுக்கு நாளைக்கும் கடல் இருக்கும். இதைப் படிக்க அவர்கள் வெளிநாட்டுக்கா போனார்கள்?

ஆனால் சிலர் இருக்கிறார்கள். பேரைச் சொல்லி இந்த மேடையை அழுக்காக்க மாட்டேன். தூத்துக்குடிக்கு வேண்டியது புகைபோக்கிதான், சாளை மீனும் கம்பங்கூழும் பழைய கதை என்று பேசுகிறார்கள். நான் கேட்கிறேன். கடலில் கிடைக்கிற சாளை மீன்மாவு ஆலைக்குப் போகிறது, அங்கிருந்து தீவனமாகிறது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் கரிசலில் கம்பும் குதிரைவாலியும் நின்ற இடத்தில் இன்றைக்கு மக்காச்சோளம் நிற்கிறது. அதுவும் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. கடலும் தீவனத்துக்கு, கரிசலும் தீவனத்துக்கு. பொட்டலூரணி மக்கள் மீன்கழிவு ஆலைகள் வேண்டாம் என்று 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள். ஓட்டுப் போடாமல் ஒரு ஊரே வீட்டில் உட்கார்ந்தது. இதுவும் பழைய கதையா? பதில் சொல்லட்டும்!

இந்தக் கரிசலைப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். பச்சைத் துண்டு, வெள்ளைத் தாடி. யார் என்று உங்களுக்குத் தெரியும். 1960களில் நம் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரிக்காரனிடம் காசு கொட்டி உரம் வாங்கச் சொல்வது ஆராய்ச்சியா என்று கேட்டு, அந்த வேலையை உதறிவிட்டு வந்தவர். ஆமாம், நம்மாழ்வார்தான்! சத்தமாகச் சொல்லுங்கள்! 2004 சுனாமியில் உப்பேறிப்போன நாகப்பட்டினத்து வயல்களை மறுபடி விளையவைக்க அந்த வயசிலும் போய் நின்றாரே, யார் கொடுத்தார்கள் அவருக்குச் சம்பளம்?

வாங்குவதிலும் விற்பதிலும் என்ன பலம் இருக்கிறது என்பதை இந்த ஊர் எப்போதோ காட்டிவிட்டது. 1906-இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம். அந்த நாட்களில் ஒரு வக்கீல், வ.உ.சி.க்கு எதிர்ப்பக்கம் நின்றவர், சவரத்துக்கு உட்கார்ந்தார். பாதி முகம் மழித்தாயிற்று. பேச்சுவாக்கில் அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் சவரத் தொழிலாளி கத்தியை மடக்கிவிட்டார். மீதி முகத்தை மழிக்க ஊரில் ஆள் கிடைக்கவில்லை! சொத்து இல்லை, பதவி இல்லை. கையில் இருந்தது ஒரு கத்தி. அந்த அண்ணாச்சி பேர் யாருக்காவது தெரியுமா? புதுக்குடியில் சோறாக்கியவர்கள் பேர் தெரியுமா? பேர் தெரியாதவர்கள்தான் இந்த ஊரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். உழவர் சந்தை 1999-இல் வந்தது. விவசாயி இடைத்தரகர் இல்லாமல் விற்க நிழலும் தராசும் கிடைத்தது. அதே நிழலும் அதே தராசும், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் மீன் விற்கிற அம்மாக்களுக்கு வேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் நம் கரிசல் கம்பும் உடன்குடிக் கருப்பட்டியும் வேண்டும். இதை மாநகராட்சியிடமும் கேட்போம், கோட்டையிடமும் கேட்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாளைக் காலையில் தெருவில் கூடையோடு வருகிற அக்காவிடம் பேரம் பேசாமல் சாளை வாங்குங்கள். அந்த அக்கா பேருந்தில் ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள்.