குளிசை கேட்காத மனச்சோர்வும் காந்தச் சிகிச்சையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய ஒன்றுகூடலில் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும் என்று நினைத்தோம். எங்களில் ஒருவர் தீவகத்தில் தாதியாக வேலைசெய்து ஓய்வுபெற்றவர். மற்றவர் ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலையில் வேலைசெய்பவர். இரண்டு இடத்திலும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே வசனத்தைக் கேட்டிருக்கிறோம்: "எனக்கு மருந்தும் கேட்கேல்லை."

எங்கள் பக்கத்தில் யாரும் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "ஒரே யோசினை", "நெஞ்சு அடைக்குது", "உடம்பு முழுக்க எரிவு", "நித்திரை வருகுதில்லை" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்களின் மனவேதனை இப்படி உடம்பின் முறைப்பாடாகவே வெளிவருவதை எழுதியிருக்கிறார். போரும் இடப்பெயர்வும் அதற்குக் காரணங்கள்தான். ஆனால் போரைக் காணாத பிள்ளைக்கும், வீடு வாசல் எல்லாம் உள்ளவளுக்கும் இந்த நோய் வருகிறது. "உனக்கு என்ன குறை?" என்று அவளிடம் கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

"மருந்து கேட்கவில்லை" என்பதை வைத்தியர்கள் எப்போது ஒப்புக்கொள்கிறார்கள்? குறைந்தது இரண்டு வெவ்வேறு மருந்துகளை, போதிய அளவில், ஒவ்வொன்றையும் நாலு முதல் ஆறு வாரமாவது ஒழுங்காக எடுத்தும் பலனில்லை என்றால்தான். இங்கே நாங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். நெடுந்தீவில் எங்களுடன் படித்த ஒருத்தி இரண்டு வருடம் குளிசை எடுத்தும் சுகமில்லை என்றாள். இருந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது: சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கிற நாட்களில் படகு ஓடாது, கிளினிக் தவறிவிடும். அடுத்த திகதிவரை காணவேண்டுமே என்று குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறாள். இரண்டு கிழமை நன்றாக இருந்தால் நிறுத்தியும் விடுவாள். அவளுக்கு மருந்து கேட்காமல் போகவில்லை. மருந்து போய்ச் சேரவில்லை. ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் கோழிக்கூட்டைத் தானே திருத்தினாள் என்று மகள் சொன்னாள். எங்களுக்கு அதைவிடப் பெரிய வைத்திய அறிக்கை தேவைப்படவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைச் சேர்த்து நடத்தி, 2006இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், முதல் மருந்தோடு நோய்க்குறிகள் நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். மருந்தை மாற்றியும் சேர்த்தும் பார்க்கப் பார்க்க, அடுத்தடுத்த படிகளில் பலன் குறைந்துகொண்டே போனது. ஒழுங்காக மருந்து எடுத்தும் தேறாதவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். அது அவர்களுடைய மனத்திடம் குறைந்ததால் அல்ல.

அவர்களுக்கு இருக்கிற வழிகளில் ஒன்றுதான் மூளைக்குக் கொடுக்கும் காந்தத் தூண்டல். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். அடிப்படை எங்களுக்குத் தெரிந்ததுதான். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, றேடியோவில் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் பரடே கண்டது அதைத்தான். தலையில் ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் கணநேரம் பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினால், மாறுகிற காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையில்லாமல் கடந்து, உள்ளே நரம்புக் கலங்களில் மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்பும். கீறல் இல்லை, மயக்கமருந்து இல்லை.

இதை மனித மூளையில் முதலில் செய்துகாட்டியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட்டில் அந்தோனி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும். 1985 மே மாதம் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் அது வெளியானது. அதே மாதம் 15ஆம் திகதிதான் குமுதினிப் படகில் அந்தக் கொலைகள் நடந்தன. நெடுந்தீவாருக்கு அந்த மாதத்தைப் பற்றி நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

முதல் நாள் நோயாளியைக் கதிரையில் இருத்தி, பெருவிரல் தானாகத் துடிக்கிற இடத்தையும் அதற்கு வேண்டிய பலத்தையும் பார்ப்பார்கள். அந்த அளவை வைத்துத்தான் அவரவருக்குரிய பலத்தைத் தீர்மானிப்பது. பிறகு சுருளை முன்னுக்கு நகர்த்தி, பெரும்பாலும் இடது நெற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். மனச்சோர்வில் மந்தமாகிப்போகும் பகுதிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. 'டக் டக்' என்ற சத்தம் பலமாக இருக்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். முடிந்ததும் எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். கிழமைக்கு ஐந்து நாள், நாலு முதல் ஆறு கிழமை என்பது வழக்கமான முறை.

அமெரிக்காவில் இதற்கு 2008இல் அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2015இல் ஏற்றுக்கொண்டது. அவுஸ்திரேலியாவில் 2021 நவம்பரிலிருந்து தகுதியுள்ளவர்களுக்கு 'மெடிகெயர்' உதவி உண்டு. இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸில் செய்கிறார்கள். ரொறன்ரோவிலும் வான்கூவரிலும் 414 பேரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. முன்பு ஒரு தடவைக்கு 37 நிமிடத்துக்கு மேல் எடுத்த சிகிச்சையை மூன்று நிமிடத்தில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று அது காட்டியது. இரண்டு முறையிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் நன்றாகக் குறைந்தது. முழுமையாக நீங்கியது மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக. மற்றப் பாதிப்பேரை மறைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை.

லண்டனில் இருக்கிற எங்கள் தோழி ஒருத்தி மூன்று மருந்துகளுக்குப் பிறகு இதற்குப் போனாள். மூன்றாம் கிழமைவரை ஒரு வித்தியாசமும் இல்லை என்று அழுதாள். நாலாம் கிழமை, பிள்ளை சொன்ன பகிடிக்குத் தான் சிரித்ததைத் தானே கவனித்தாளாம். குளிசை இன்னும் எடுக்கிறாள். நோய் திரும்பி வந்தால் சிகிச்சையைத் திரும்பவும் செய்யலாம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தலையிடியும், சுருள் படும் இடத்தில் நோவும் பலருக்கு வரும். நாட்கள் போகக் குறையும். வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் வலிப்பு நோய் இருந்தவர்கள், தலைக்குள் உலோகம் அல்லது காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி உள்ளவர்கள், இருதயத்துக்குக் கருவி வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஷெல் துண்டு தலையில் இருக்கிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் அதை மறவாமல் சொல்லவேண்டும். இன்னொன்று: கடையில் விற்கிற காந்தக் காப்புக்கும் காந்த மெத்தைக்கும் இந்தச் சிகிச்சைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காசை வீணாக்காதீர்கள்.

இலங்கையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 'ஷொக் வைக்கிறது' என்று நாங்கள் பயப்படுகிற மின்வலிப்புச் சிகிச்சை, கடும் மனச்சோர்வுக்குக் காந்தத்தைவிடப் பலமான சிகிச்சை. இப்போது மயக்கமருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். மறதி வரலாம். சாப்பிடாமல், பேசாமல் படுத்துவிட்ட ஒருவரை வைத்தியர் அதற்கு அனுப்பினால் மறிக்காதீர்கள். "விசர் ஆஸ்பத்திரி" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து தெல்லிப்பழைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்ட தாய்மாரை நாங்கள் அறிவோம். சாகவேண்டும் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்கவேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

வெளிநாட்டில் இருக்கிற தங்கைமாரே, நீங்கள் இருக்கிற நகரத்திலேயே இந்தச் சிகிச்சை இருக்கக்கூடும். குடும்ப வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழில் சொல்ல வெட்கப்படுகிற அம்மாவுக்காக நீங்கள் கேளுங்கள்.

சங்கத்திடம் ஒரு கோரிக்கையோடு நிறுத்துகிறோம். மூன்று நிமிடச் சிகிச்சையானாலும், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். முப்பது நாள் அப்படி யார் போய்வருவார்கள்? காந்தச் சிகிச்சை என்றைக்கு எங்கள் பக்கம் வந்தாலும் அதுதான் நிலை. இன்றைக்குக் கிளினிக்குக்குப் போவதற்கும் அதுதான் நிலை. யாழ்ப்பாண நகரத்தில் வீடு பூட்டிக் கிடக்கிற பழைய மாணவியர் எத்தனையோ பேர் இங்கே இருக்கிறீர்கள். தீவிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவளும் கூட வருகிற ஒருவரும் தங்க ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு குசினி போதும். பெயர் தர விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் எங்களிடம் வாருங்கள். கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருக்கிறோம்.