"சும்மா இருக்கிறேன்"
(ஒடுகத்தூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மாதர் முன்னேற்றம் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். மேடைதோறும் கேட்டுப் பழகிய பொருள் அது. ஆதலின் யான் உலகைச் சுற்றி வாராது, நம் ஊர்த் திண்ணையிலேயே தொடங்குகின்றேன். பிற்பகலில் நம் தெருவழியே செல்வோர், வாயிற்படியில் அமர்ந்து ஊசியும் நூலுங்கொண்டு ஷூவின் மேற்பகுதியாகிய அப்பரைத் தைக்கும் பெண்டிரைக் காண்பர். "என்ன வேலை செய்கின்றீர்கள்?" என்று வினவினால், "வேலையா? வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்பர். அச் "சும்மா" என்னும் சொல்லே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் தொழில் நடந்துவருதல் யாவரும் அறிந்ததே. 1970-களில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, அதனைப் பொருளாக்கி அனுப்புதலை ஊக்கிற்று. அதன் பயனாக ஷூத் தொழிற்சாலைகள் பெருகின; தையற்பொறிகளின்முன் பெண்கள் வந்து அமர்ந்தனர். கையால் தைக்கவேண்டிய பகுதியோ தரகர் வழியாக வீடுகளுக்கு வந்தது. அயல்நாட்டுக் கடையில் பல ஆயிரம் ரூபாய்க்கு விலையாகும் ஷூவினைத் தைப்பவளுக்கு ஜோடிக்குக் கிடைப்பது சில ரூபாயே. ஊசியும் விளக்கும் இடமும் அவளுடையனவே.

கூலியின் குறைவினும் பெரிய குறை ஒன்று உளது. அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டமும், 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் பிறந்தன. 2017-இல் பேறுகால விடுப்பு 12 வாரத்தினின்றும் 26 வாரமாக உயர்ந்தது. இவற்றுள் ஒன்றும் திண்ணைவரை வந்து சேரவில்லை. வீட்டிலிருந்து உழைப்போரையும் தொழிலாளராகவே மதித்தல் வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதனை ஏற்ற நாடுகள் மிகச் சில. அவற்றுள் நம் நாடு இல்லை.

அரசினையும் முதலாளியையும் மட்டும் குறை கூறி அமர்வேனாயின், யான் உண்மை உரைத்தவன் ஆகேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்குமுன், பத்தாம் வகுப்புத் தேறிய என் தமக்கையாருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தந்தையார் மறைந்தபின் வீட்டிற்கு ஆண்மகனாய் நின்ற யான், "இருட்டியபின் வேனில் வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும்?" என்று தடுத்தேன். அக்காள் மறுமொழி கூறவில்லை; ஊசியை எடுத்தார். அவர் தைத்த காசிலேயே யான் தமிழ் பயின்று ஆசிரியனானேன். அவருடன் பயின்ற தோழியோ தொழிற்சாலைக்குச் சென்றார். ஆங்கும் கடுஞ்சொல்லும் களைப்பும் உண்டு. எனினும் வைப்பு நிதியில் சேர்ந்த தொகையைக்கொண்டு அவர் தம் மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்தார். என் தமக்கையாருக்கு எஞ்சியவை மங்கிய கண்ணும் மடங்காத விரலுமே.

இன்னும் ஒன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆசிரியர் பலரைப்போல் யானும் வீடு வீடாகச் சென்றேன். தைத்துக்கொண்டிருந்த பெண்டிரைக் கண்ணாற் கண்டுவைத்தும், அவர்கள் "சும்மா" என்றவுடன், மறுகேள்வி கேளாமல் "வேலை செய்யாதவர்" என்றே குறித்தேன். என் தமக்கையாரைக் குறித்ததும் அவ்வாறே. தடை எங்கோ உளது என்பார்க்கு, அஃது என் எழுதுகோலிலும் இருந்தது என்பேன்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, காலணி, தோற்பொருள் தொழிலாளர்க்கென நம் மாநிலத்தில் ஒரு நல வாரியம் உளது. 18 முதல் 60 வயதிற்குட்பட்டோர் அதிற் பதிவு பெறலாம்; பிள்ளைகளின் கல்விக்கும் பேறுகாலத்திற்கும் உதவித்தொகையும், 60 வயதின்பின் ஓய்வூதியமும் உண்டு. திங்கட்கு ஒருநாள் இம்மண்டபத்தில் அமர்ந்து படிவம் எழுதித்தர யான் ஒருப்படுகின்றேன். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் தைத்த ஜோடியும் பெற்ற கூலியும் நாள்தோறும் கணக்கேட்டில் ஏறுக. ஒருத்தி தனியே கூலி உயர்த்தக் கேட்டால் தரகர் அடுத்த வீட்டை நாடுவர். தெரு முழுதும் ஒரே கணக்கைக் காட்டிக் கேட்டால் அவர் எங்குச் செல்வர்? அப்பணமும் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே சேர்க. மூன்றாவது, மகளோ மருமகளோ வெளிவேலைக்குச் செல்ல விரும்பின், ஊர் வாயை அஞ்சித் தடுக்கற்க. இருட்டு அச்சமெனின், வேன் நிற்குமிடத்திற்கு நாம் நடந்து சென்று எதிர்கொள்வோம். அதற்கு ஆகும் செலவு கால்மணி நேரமே.

என் தமக்கையார் இதோ பின்வரிசையில் அமர்ந்துள்ளார். அவர் இழந்த ஆண்டுகளை என்னால் மீட்டுத் தருதல் இயலாது. முதற்படிவம் அவருடையதாகுக. தொழில் என்னும் இடத்தில், "அப்பர் தைப்பவர்" என்று என் கையாலேயே எழுதுவேன்.