நரம்பு அன்று, குழல்

(குடும்ப நலப் பணியாளர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை)

வட இந்தியாவில் ஆண்களுக்கான கருத்தடை அறுவைக்கு மக்களிடையே வழங்கும் பெயர் ‘நஸ்பந்தி’ என்பதாகும். ‘நஸ்’ என்ற சொல் இந்தியில் நரம்பையும் குறிக்கும், இரத்த நாளத்தையும் குறிக்கும். ‘பந்தி’ என்றால் அடைத்தல். எனவே நரம்பை அடைத்துவிடுகிறார்கள் என்ற எண்ணமே கேட்பவர் மனத்தில் முதலில் எழுகிறது. நரம்பு போனால் வலிமை போகும், ஏர் பிடிக்க இயலாது, இல்லறத்துக்கும் உதவாமற் போவோம் என்று ஒரு விவசாயி அஞ்சினால், அவரைக் குறை கூறுவதற்கில்லை. பெயரே அவ்வாறு சொல்கிறது. ஆனால், அந்த அறுவையில் துண்டிக்கப்படுவது நரம்பு அன்று. ஒரு சிறு குழல்.

ஆணின் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை அறிந்தால் இவ்வச்சம் பெரிதும் அகலும். விரைகள் இரண்டும் வயிற்றறைக்கு வெளியே தனிப்பையில் தொங்குவதற்குக் காரணம் உண்டு. விந்தணுக்கள் உருவாக உடலின் வெப்பத்தைவிட இரண்டு, மூன்று டிகிரி குறைவான வெப்பம் வேண்டும். விரைகளுக்குத் தொழில்கள் இரண்டு. ஒன்று, நுண்ணிய குழல்களில் விந்தணுக்களை உண்டாக்குவது. மற்றொன்று, அக்குழல்களுக்கு இடையேயுள்ள உயிரணுக்களின் வாயிலாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது. மீசை, கனத்த குரல், தசைவலிமை, காமவுணர்ச்சி ஆகியவற்றுக்கு ஆதாரமானது இந்த ஹார்மோனே. இது எந்தக் குழல் வழியாகவும் செல்வதில்லை. நேரே இரத்தத்தில் கலக்கிறது. இந்த ஒரு செய்தியை மட்டுமேனும் கிராமப் பணியாளர் தெளிவாகச் சொல்லக் கற்றிருத்தல் வேண்டும்.

விந்தணுக்களின் வழி வேறு. அவை விரையின் பின்புறம் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற குழலில் தங்கி முதிர்ச்சி அடைகின்றன. நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் குழல் அது! அங்கிருந்து விந்துக்குழல் மேலேறி, அடிவயிற்றுக்குள் நுழைந்து, சிறுநீர்ப்பையின் பின்புறமாக வளைந்து சிறுநீர் வழியை அடைகிறது. வழியில் விந்துப்பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் தம் நீரைச் சேர்க்கின்றன. வெளிப்படும் விந்தின் பெரும்பகுதி இவ்விரண்டின் நீரே. விந்தணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாது. ஆகவே குழலைத் துண்டித்த பின்னரும் விந்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும் மாறுதல் இராது. வழியடைபட்ட அணுக்களை உடலே கரைத்து உட்கொள்கிறது.

அச்சத்துக்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கூறிவிடுவது நேர்மையாகாது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1971 ஜூலையில் நடந்த முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இவ்வறுவையைச் செய்துகொண்டனர். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல், நாடெங்கும் சுமார் 62 இலட்சம் ஆண்களுக்கு அறுவை செய்யப்பட்டபோது, பல இடங்களில் இலக்கும் வற்புறுத்தலுமே ஆட்சி செய்தன. அந்த வடு இன்னும் ஆறவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாமே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடே. பெண்ணுக்கு வயிற்றறையைத் திறக்க வேண்டும். ஆணுக்குத் தோலில் ஒரு சிறு துளை போதும். சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய கத்தியில்லா முறை இந்தியாவிலும் நடைமுறையில் உள்ளது. எளிய வழி இருக்கக் கடினமான வழியைப் பெண்கள்மீது சுமத்தி வருகிறோம்.

இறுதியாக, பலரும் சொல்ல மறக்கும் ஒன்று. துண்டித்த இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே சென்றுவிட்ட விந்தணுக்கள் சில வாரங்கள் உயிருடன் இருக்கும். ஆதலால் மூன்று மாதம் வரை ஆணுறையோ வேறு முறையோ கைக்கொண்டு, அதன்பின் விந்துச் சோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் மனைவி இடையில் கருவுற்றால், ஊர் அறுவையைச் சந்தேகிப்பதில்லை. அந்தப் பெண்ணையே சந்தேகிக்கிறது.