முத்து யாரிடம் இருந்தது?

தூத்துக்குடி என்றாலே முத்துதான். அந்த முத்தை எடுத்தவர் வீட்டில் முத்துமாலை இருந்ததா?

பெரும்பாலும் இல்லை. கனத்த கல்லின் கயிற்று வளையத்தில் காலை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார் குளியாள். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் சிப்பிகளை அள்ளிப் பையில் போட வேண்டும். கரைக்கு வந்தால் பங்கு. மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளுக்கு. அந்த ஒன்றையும் பலர் பிளந்துகூடப் பார்க்காமல் கரையிலேயே விற்றுவிடுவார்கள். உள்ளே என்ன இருந்ததோ, வாங்கினவர் பாடு!

குளியாளிடம் தங்கியது கடல்தான். எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிப்பி விளையும், நீரோட்டம் எப்போது திரும்பும், தண்ணீர் எப்போது கலங்கும்... இதையெல்லாம் யாரும் ஏலத்தில் எடுக்க முடியாது. முத்தோ சுண்ணாம்புச் சத்து. வியர்வையும் அத்தரும் பட்டுப்பட்டு அதன் பொலிவு மங்கிவிடும்.

1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள்.

முத்துக்குளிப்பு நின்றாலும், சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தூத்துக்குடிக்குப் போனால் முத்து விலை விசாரிப்பது இருக்கட்டும். திரேஸ்புரம் பக்கம் வயதான குளியாள் ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கடலுக்கடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்!